பீடத்துப் படியில் வைத்துவிட்டு வந்த தட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்குச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்னுடைய அவர் காலமானது ஒரு ஐப்பசி மாதத்தில். கனடாவில், லாசால் என்கிற பகுதியில் ஒரே கட்டிடத்தில்தான் இருந்தோம், கீழே நாங்கள், மூன்றாம் மாடியில் அவருடைய தங்கை, என் மச்சாள். அவவும் தனி ஆள்தான். கனடாவுக்கு முதலில் வந்தது அவ. தையல் பக்டரியில் வேலை செய்து, அண்ணை வந்து இறங்கும் நாளுக்கென்று ஒரு கனத்த கோட்டு வாங்கி எயார்போட்டுக்குக் கொண்டுபோனவ. மண்ணிறக் கோட்டு. இடது முழங்கை கிழிந்தபோது தோல்துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அவதான். அவர் போன பிறகு அது எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிறிஸ்மசுக்கு முந்தின ஞாயிறு ஒன்றில் கோயிலில் வாசித்தார்கள், இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்று. நீண்ட பிரசங்கங்கள் எனக்கு முழுக்க விளங்காது. ஆனால் கைக்கு வேலை சொல்லுகிற வசனம் விளங்கும். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். என் உடம்பில் ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று. இரண்டு. அடுத்த கிழமையே அதை மடித்துக்கொண்டுபோய், புதிதாக வந்த ஆட்களுக்கென்று கோயிலின் பின்பக்கம் வைத்திருக்கிற பெட்டியில் போட்டேன். திரும்பி வரும்போது மனம் நிறைந்திருந்தது. கேட்ட ஒன்றையாவது கேட்டபடி செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தை மாதம் ஒரு காலை மச்சாள் பஸ்சுக்கு நின்றிருக்கிறா. முன்னால் ஏறப்போன ஒரு முதுகைக் கண்டு, தன்னை மறந்து ‘அண்ணை’ என்று கூப்பிட்டுவிட்டா. திரும்பினது ஒரு இளம் ஆள், எங்கள் தமிழ் ஆள்தான். ‘என்னக்கா?’ என்று மரியாதையாகத்தான் கேட்டவராம். மச்சாள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நேரே வந்து என் கதவைத் தட்டினா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“அண்ணையின்ரை கோட்டு பஸ்சிலை போகுது,” என்றா. “எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?”

பைபிளில் சொன்னபடிதானே செய்தேன் என்று நான் வாய் திறக்குமுன்னம் அவ படியேறிப் போய்விட்டா.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. நிலவறையில் உடுப்புத் தோய்க்க நான் போகும் நாளை அறிந்து அவ தன் நாளை மாற்றினா. தமிழ்ப் பூசையை விட்டுவிட்டு, ஒரு சொல்லும் விளங்காத பிரெஞ்சுப் பூசைக்குப் போகத் தொடங்கினா. கோயிலில் ஒரு அக்கா, ‘உங்கடை மச்சாள் பிரெஞ்சுக்காரி ஆகிவிட்டாவோ’ என்று பகிடி விட்டா. நானும் சிரித்தேன். பிறகு வீட்டில் இருந்து அழுதேன். அவர் பக்கத்து ஆட்களில் இந்த நாட்டில் எனக்கு இருந்தது அவ ஒருத்திதான். அவரைப் பற்றிக் கதைக்க வேறு யாரிடம் போவேன்?

ஆனாலும் பிழை என்னில் இல்லை என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் செபத்தில், மச்சாளை மன்னித்துவிட்டேன் ஆண்டவரே என்று சொல்லுவேன். சொல்லிவிட்டுப் படுத்தால் நல்ல நித்திரையும் வரும். மூன்று மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டுவதைவிட அது சுகமாக இருந்தது.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரப் பூசை. பனி கொட்டினதால் ஆட்கள் குறைவு. பீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகிறவர்கள் வரவில்லை என்று அப்பத்தட்டை என் கையில் தந்துவிட்டார்கள். நான் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருக்கிற ஆள். ஒரு நாளும் முன்னுக்குப் போனதில்லை. அதோடு, சற்று முந்தி வாசித்த நற்செய்தி காதிலேயே நின்றது. காணிக்கை கொண்டுவரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று. எத்தனை தரம் கேட்ட வசனம். எனக்கு யார்மேலோ இருக்கிற கோபத்தைப் பற்றியதென்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் விளங்கியது. மற்றவருக்கு என்மேல் வருத்தமென்றால் எழும்பிப் போகவேண்டியது நான்.

சுவாமியார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நான் தட்டை அவரிடம் கொடுக்காமல் பீடத்துப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். வாசல்வரைக்கும் ஒருவரையும் பார்க்கவில்லை. எனக்குத் தலைசுற்று என்று நினைத்து இரண்டு பேர் கழிவறையெல்லாம் தேடினார்களாம்.

வீடு பத்து நிமிட நடை. மச்சாள் கதவைத் திறந்து, கையுறை இல்லாமல் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தா.

“பூசை முடிஞ்சுதோ?”

“இல்லை. பாதியிலை விட்டிட்டு வந்திட்டன். உமக்கு என்னிலை மனவருத்தம். அதுதான் வந்தனான்.”

அவ என் தலையில் கிடந்த பனியைத் தட்டிவிட்டா. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

“கேட்டிருந்தால் தந்திருப்பன் மச்சாள். ஒருக்கா முகத்திலை வைச்சு மணந்து பாத்திட்டுத் தந்திருப்பன்.”

பதிலை யோசித்து எடுக்கவில்லை, தானாக வந்தது.

“என்ரை மனுசன் போயிட்டார் எண்டு மட்டும்தான் நினைச்சன். உம்மடை அண்ணையும் போயிட்டார் எண்டு நினைக்கேல்லை. பிழை என்னிலைதான்.”

இரண்டு பேரும் வாசலிலேயே நின்று அழுதோம். பிறகு அவ தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கத் திரும்பினா, திடீரென்று நின்றா.

“அப்பத்தட்டை ஆரிட்டைக் குடுத்திட்டு வந்தனீங்கள்?”

படியில் வைத்தேன் என்றேன்.

“படியிலையோ? சுவாமியார் என்னத்தை வைச்சுப் பூசை செய்யிறது? போயிட்டுத் திரும்பி வரவேணும் எண்டும் அதிலைதானே கிடக்கு. நடவுங்கோ.”

தன் கையுறையில் ஒன்றை எனக்குத் தந்து, மற்றதைத் தான் போட்டுக்கொண்டா. நாங்கள் போனபோது நற்கருணை கொடுத்து முடிந்துவிட்டது. கடைசி வாங்கில் ஒட்டிக்கொண்டு இருந்தோம். பூசை முடிந்ததும் சுவாமியார் நேரே எங்களிடம் வந்தார். ஏச்சு விழப்போகுது என்று நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் என்னையும் பார்த்து, மச்சாளையும் பார்த்தார்.

“அம்மா, அடுத்தமுறை பூசைக்கு முதலே போயிட்டு வாங்கோ,” என்றார். பிறகு திரும்பவும் உள்ளே போய், இரண்டு அப்பம் எடுத்துவந்து எங்களுக்கு நற்கருணை தந்தார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகவில்லை. பஸ் தரிப்பில் நிற்கும்போது அவ இடைக்கிடை ஏறுகிற ஆட்களின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பா. அப்போது நானும் பக்கத்தில் நிற்பேன். ஞாயிறுகளில் தமிழ்ப் பூசைக்கு ஒன்றாகப் போகிறோம். அவருடைய கண்ணாடியும் செபப் புத்தகமும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. வேதம் சொன்னதென்று ஒன்றைக் கையில் எடுக்குமுன்னம், இது வேறு யாருடையதும்தானோ என்று இப்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுகிறேன்.

அது தவக்காலத்தின் முதல் வெள்ளியோ இரண்டாவதோ எனக்கு நிச்சயமில்லை. படியில் இருந்த தட்டை எடுத்தது சுவாமியார்தான் என்று சிலரும், பாடகர் குழுவில் ஒருவர் என்று சிலரும் சொல்லுகிறார்கள். அன்றைக்குக் கோயிலில் இருந்த யாராவது இதை வாசித்தால், மச்சாளிடமும் ஒருமுறை கேட்டு, பிழையாக உள்ளதைத் திருத்திவிடுங்கோ.