அரிசிக் கப்பலில் ஏறாத மாமா

பட்டாளத்திலிருந்து மாமா விடுப்பில் தென்காசிக்கு வந்த அன்று எனக்குப் பொன்னுக்கு வீங்கி. அப்போது எனக்கு ஏழு வயது. இரண்டு கன்னமும் உப்பி, அம்மாவின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மகாராணிபோல உட்கார்ந்திருந்தேன். கிட்டே போகாதே என்று அம்மா தடுத்தும் மாமா கேட்கவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்கள். அருவியைப் பார்க்க வேண்டும் என்று நான் அழுத அழுகைக்காக, என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் நின்று காட்டிவிட்டு வந்தார். வழியெல்லாம் என் கன்னம் அவர் கன்னத்தில்தான் சாய்ந்திருந்தது.

விடுப்பு முடிந்து மாமா பம்பாய்க்குப் போனார். கொஞ்ச நாளில், மறுநாள் கப்பலேறுகிறோம் என்று கடிதம் வந்தது. கப்பலின் பெயரைத் தணிக்கைக்காரர்கள் மையால் அடித்திருந்தார்கள். அப்பா அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டார். தூத்துக்குடி அரிசி மண்டியில் வேலை பார்த்தவர் அவர்.

"ரங்கூன் அரிசி கொண்டாந்த பழைய கப்பல்லா இது! மூட்டை அடுக்குத எடத்துல பலகையப் போட்டு ஆள ஏத்துதானுவ போல."

"அவன் சோத்து ஆசைக்குப் பொருத்தந்தான்" என்று அம்மா சிரித்தாள்.

பத்து நாள் கழித்துத் தூத்துக்குடி போய்வந்த அப்பா, வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டார்கள் என்று துறைமுகத்தில் பேச்சாம். அம்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்கவே இல்லை.

போர்க்காலத்துத் தபால் ஆடி அசைந்துதான் வரும். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த கடிதத்தில் மாமாவின் கையெழுத்து இருந்தது. கப்பலேற வரிசையில் நின்றபோது கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்த டாக்டர், தொற்று நோய் என்று விலக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாராம்.

அம்மா என் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். "ஏட்டி, நீதான்ட்டி எந்தம்பியக் காப்பாத்தினவ!"

அன்றைக்கு வீட்டில் பாயசம். அப்பா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். நான் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த விடுப்பில் வந்த மாமா, வடகரையில் ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். அவரோடு பட்டாளத்தில் சேர்ந்த ஒருவரின் வீடு. அந்தச் சிநேகிதருடைய அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தாள். மாமா செம்பை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். நான் என் பெருமையை ஆரம்பித்தேன்.

"நாந்தான் மாமாவுக்கு வீங்கியக் குடுத்தேன். அதனாலதான் மாமா கப்பல்ல போவல."

அந்த அம்மாள் என்னையே பார்த்தாள். பிறகு கிட்டே வந்து என் கன்னத்தைத் தடவினாள்.

"நல்லா இரி தாயி."

"ஒங்க மவன் எப்ப லீவுல வருவாவ?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள். வரிசையில் மாமாவுக்கு முன்னால் நின்று அந்தக் கப்பலில் ஏறியவர் அந்தச் சிநேகிதர்தான் என்பது, பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு மாமா மோரைக் குடிக்காமலே கீழே வைத்தபோது, புளித்திருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.