மூன்றாவது சோதனை

இண்டூரில் பேருந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கைபேசித் திரையைத் துண்டால் துடைத்துப் பார்ப்பதும் அணைப்பதுமாகவே இருந்தார். துடைத்தால் எழுத்து மாறிவிடும் என்பதுபோல.

கடைசியில் என்னிடம் நீட்டினார். “பொண்ணு சீட்டு ரத்துன்னு காலேஜுல மெயில் வந்திருக்குதுங்க. நெசந்தானுங்களா, பாத்துச் சொல்லுங்க.”

‘சோதனை 3. தங்கள் மகளின் சேர்க்கை ரத்து செய்யப்பட்டது.’

நான் எழுதிய வரி. அந்தக் கல்லூரிக்கு மென்பொருள் செய்பவன் நான். மின்னஞ்சல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, போலி முகவரிகள் போடாமல், பெற்றோர் பட்டியலிலிருந்தே ஏழு பேருக்கு, ஆளுக்கொரு எண் போட்டு அனுப்பியிருந்தேன்.

“தப்பா வந்திருக்குதுங்க. சீட்டு இருக்கும்” என்றேன்.

அவர் நம்பவில்லை. “மூணாவது சோதனைன்னு அவங்களே போட்டிருக்காங்களே. மொத ரெண்டும் எப்ப வந்துச்சுன்னே தெரியலீங்க. இன்னும் எத்தனைங்க பாக்கி?”

நான்தான் அனுப்பினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தருமபுரியில் திரையைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்றே ஏழு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு அலுவலகத்திலிருந்து மடல் போனது. அவர் பெயர் பட்டியலின் மூன்றாவது வரியில் இருக்கும். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க இன்னும் எனக்குப் பயம்.