வரிசையில் பேசினால் கடைசி

எங்கள் ஊரில் வரிசையில் நிற்கத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். எங்களுக்கெல்லாம் வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. டீச்சர் என்றால் ஊரில் வேறு யாரையும் குறிக்காது. மற்ற டீச்சர்களுக்குப் பெயர் உண்டு.

ஏழு பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவர். வீட்டில் ஒன்பது பேர், குளியலறை ஒன்று. காலையில் அதன் கதவருகே நடந்த சண்டையில் பெரியவர் சிறியவர் என்ற பேதம் கிடையாது. எட்டு வயதில் டீச்சர் நோட்டுத்தாளைக் கிழித்து ஒரு நேர அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினார். அப்பாவுக்கு ஏழு நிமிடம், அம்மாவுக்கு ஐந்து, மூத்த அண்ணனுக்கு மீசை அரும்பியதை முன்னிட்டு இரண்டு நிமிடம் கூடுதல். சண்டை அன்றோடு நின்றது. அட்டவணையில் தன் பெயரை எழுத மட்டும் மறந்திருந்தார். அன்று முகம் கழுவாமல் பள்ளிக்குப் போனார். பின்னால் நடக்கப்போவதெல்லாம் அந்தக் கதவிலேயே எழுதியிருந்தது. யாரும் அக்கறையாகப் படிக்கவில்லை.

இருபத்தோரு வயதில் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. நாலாம் வகுப்பு. பள்ளி முழுக்கப் பிள்ளைகள் முந்நூறு பேர், தண்ணீர்க் குழாய் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த நாளே குழாயடித் தள்ளுமுள்ளில் ஒரு பையனுக்குப் பல் விழுந்தது. தானாக விழ வேண்டிய பால் பல்தான். ஆனாலும் எதற்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா? டீச்சர் ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக் குழாயிலிருந்து வாசல் கேட் வரை கோடு போட்டார். சட்டம் இரண்டே. வந்தவர் வந்த இடத்தில் நிற்க வேண்டும். வரிசையில் பேசினால் கடைசி.

இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்: “நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்களே டீச்சர்?”

“நான் பேசுறது பேச்சு இல்ல. அறிவிப்பு.”

அடுத்த ஆண்டு வந்த வகுப்பில் ஒரு பையன் வருடம் முழுவதும் அந்தக் குழாயை எட்டவே இல்லை. முதல் ஆளாக வந்து நிற்பான். முதல் ஆளாக வாயையும் திறப்பான். அவனுக்குக் ‘கடைசி’ என்று பெயர் விழுந்தது. இன்று அவருக்கு எழுபத்தொரு வயது, பேரன் பேத்தி எடுத்துவிட்டார், கடைத்தெருவில் தையல்காரர். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊருக்கு அது ‘கடைசி கடை’. தெருவில் நுழைந்ததும் வரும் முதல் கடை அதுதான்.

டீச்சரின் கல்யாணமும் வரிசையால் அமைந்தது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா ஒருவர், பிள்ளைகளோடு சுற்றுலா கிளம்பிய டீச்சர் டிக்கெட் கூட்டத்தை மூன்றே நிமிடத்தில் நூல் பிடித்தாற்போல் நிறுத்தியதைக் கவுன்டருக்குள் இருந்து பார்த்தார். “ஜன்னல்ல ஒரே நேரத்துல ஒரு கை மட்டும் நீண்டதை அன்னைக்குத்தான் பார்த்தேன், பயந்துட்டேன்” என்பார். பயந்தவர் அடுத்த மாதம் பெண் கேட்டு வந்தார். முப்பத்தாறு ஆண்டு குடித்தனத்தில், கடை, அலுவலகம், மருந்தகம் எங்கும் வீட்டுக்காக வரிசையில் நின்றது அவர்தான். டீச்சருக்கு நேரம் ஏது? ஊருக்கு வரிசை போட்டுக்கொண்டிருந்தார். தடுப்பூசி முகாம், வெள்ள நிவாரணம், ரத்த தானம் என்று நாலு பேர் கூடும் இடத்தில் ஐந்தாவதாக டீச்சர் வந்துவிடுவார். கணவர் இறந்தபோது பார்க்க வந்தவர்கள் யாரும் சொல்லாமலே வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசையாக நின்றார்கள், ஒரு பேச்சும் இல்லாமல். டீச்சருக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கண் முகாம் தொடங்கினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பழைய பள்ளி வராந்தாவில். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பஸ் வரும். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போய்க் கண்புரையை எடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். நாற்பதுக்கு மேல் ஒருவர் கூட முடியாது. ஒரு நாளில் அவ்வளவுதான் கத்தி வைக்க முடியும் என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. சிபாரிசு கிடையாது. சுவரில் அதே இரண்டு சட்டங்கள் பலகையாகத் தொங்கின. ஒருமுறை ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டரே செல்போனில் பேசியதற்காகக் கடைசிக்குப் போனார்.

இப்படி ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் கண் திறந்த டீச்சருக்கு எண்பத்து நாலு வயதில் பார்வை மங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு முகாமில் வராந்தாத் தூணைப் பார்த்து, “கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, எத்தனை தடவை சொல்றது?” என்று அதட்டியபோது ஊருக்கே தெரிந்துவிட்டது. தூண் நகராததற்காக அவர் அதைக் கடைசிக்கு அனுப்பவும் பார்த்தார்.

அடுத்த முகாம் நெருங்கியபோது டாக்டர் சோதித்துவிட்டு, “இனிமே தள்ளிப் போடாதீங்கம்மா. இந்த முகாமையும் விட்டா புரை கல்லாயிடும், அப்புறம் நான் உறுதி சொல்ல முடியாது” என்றார். வெளியூரில் இருக்கும் மகள் தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். டீச்சர் மறுத்துவிட்டார். “முகாம் நல்லதுன்னு ஊர்பூரா சொல்லிட்டு நான் வேற இடத்துக்குப் போனா, இங்க எவன் கண்ணைக் குடுப்பான்?”

முகாம் நாளும் வந்தது. காலை ஆறு மணி முதல் டீச்சர் ஒவ்வொருவராக நிறுத்தி, நேராக்கி, கைத்தடிகளைக்கூட ஒரே பக்கமாகச் சாய்க்கச் சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போலத் தன்னை மறந்ததை உணர்ந்து, வரிசையின் முடிவில் போய் நின்றார். டோக்கன் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தது அந்தப் பழைய இரட்டைச் சடைக்காரி, இப்போது ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் எண்ணினார். டீச்சர் நாற்பத்தொன்று.

“முன்னாடி வாங்க டீச்சர்,” என்றார் பஸ் டிரைவர்.

“நாப்பது ஏறினதும் கதவைச் சாத்து.”

துணைக்கு வந்திருந்த மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, ஊரே இடம் விடுறேங்குது. வாங்கிக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடுவே?”

“இன்னைக்கு நான் முந்தினா, நாளைக்கு ஊர்ல எல்லாரும் டீச்சர்தான். போய் அந்த நிழல்ல உக்காரு.”

நாற்பதாவதாக நின்றவர் தையல்காரர் ‘கடைசி’. அன்று காலையிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. முன்னால் நின்ற சலூன்காரர் கவலைப்பட்டுத் தொட்டுப் பார்த்தார், ஜுரமோ என்று. காரணம் இருந்தது. ஊசிக்கண் தெரியாமல் கடை தடுமாறிக்கொண்டிருந்தது. வங்கி மேலாளரின் சட்டையில் பையை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டார். மேலாளர் நல்ல மனிதர், இனித் திருட்டுப் பயம் இல்லை என்று வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கண்ணுக்காக நாலு மணி நேரம் மௌனம் காத்தவர், இப்போது திரும்பித் தனக்குப் பின்னால் யார் என்று பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய சட்டப் பலகையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

“டீச்சர், போன வாரம் ஒருத்தர் பேன்ட் தைக்க வந்தார்.”

“பேசாதே.”

“இடுப்பு முப்பத்திரெண்டுதான்னு அடிச்சுச் சொல்றார். டேப்பு நாப்பதைக் காட்டுது.”

“டேய், வாயை மூடு. இடம் போயிடும்.”

“நான் ஆளை நம்புறதா, டேப்பை நம்புறதா?”

வரிசை சிரித்தது. சிரிப்பு பேச்சில் சேராது என்று முன்பே தீர்ப்பாகியிருந்தது. டீச்சருக்கு மெதுவாகப் புரிந்தது.

“நீ வேணும்னே பேசுறே. அது செல்லாது.”

“நல்லாருக்கே! நாலாவதுல தெரியாம பேசினதுக்கே வருஷம் பூரா தண்ணி இல்லாம நின்னேன். தெரிஞ்சு பேசினா மன்னிப்பா?”

டீச்சர் குரலைத் தாழ்த்தி, “உனக்கும் கண்ணு வேணுமேடா” என்றார்.

“எனக்கு ஆறு மாசம் தாங்கும். உங்களுக்குத் தாங்காது. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். பேசுறவனுக்குத்தான் டீச்சர் நாலு விஷயம் தெரியும்.” சொல்லிக்கொண்டே அவர் டீச்சரைச் சுற்றிப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த இடம் அவருக்குப் பழக்கம்தான்.

டீச்சர் லேசில் விடுகிறவரா? “அப்போ நானும்தான் பேசிட்டேன். நானும் கடைசிக்குப் போறேன்” என்று காலை எடுத்து வைத்தார்.

வரிசையில் இல்லாததால் பேச உரிமை உள்ள நர்ஸ், மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். அறுபத்து மூன்று வருடம் காத்திருந்த பதில். “நீங்க பேசுறது பேச்சு இல்ல டீச்சர். அறிவிப்பு. ஏறுங்க.”

டீச்சர் ஏறினார். நாற்பதாவது இருக்கை; கதவு சாத்தப்பட்டது.

ஆஸ்பத்திரியில் கண்கட்டைப் பிரித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, வார்டு வாசலில் செருப்புகள் கண்டபடி கிடக்கின்றன என்பது. ஊருக்குத் திரும்பியதும் நேரே கடைசி கடைக்குப் போனார். அடுத்த ஆறு மாதம் தினமும் காலை பத்து மணிக்கு அங்கே ஆஜர். கைத்தையலுக்கு இருபது ஊசியில் நூல் கோத்து, நிறவாரியாக ஒரு துணியில் வரிசையாகக் குத்தி வைப்பார். மிஷினில் நூல் மாற்ற வேண்டிய போதெல்லாம் கோத்துக் கொடுப்பார். பை எந்தப் பக்கம் என்பதையும் அவரே பார்த்துக்கொண்டார். கடைசிக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. பத்து மணிக்கு ஆரம்பித்த பேச்சு மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும்.

“பேசாம தைக்க மாட்டியா?”

“கடைசிக்கு அனுப்புங்க டீச்சர்.”

அந்தக் கடையில் இருப்பது அவர் ஒருவர்தான். எங்கே அனுப்புவது?

அடுத்த முகாமில் கடைசி முதல் ஆளாக வந்து நின்றார். பஸ் வர மூன்று மணி நேரம் இருந்தது. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். உதடு பிரியத் தொடங்கியிருந்தது. கைப்பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்து நீட்டினார். “இதைப் பல்லுல கடிச்சுக்கோ. பஸ் ஏறினப்புறம்தான் விடணும்.”

தையல்காரருக்கு நூலைக் கடிப்பது புதிதல்ல, கடித்துக்கொண்டு நின்றார். மூன்று மணி நேரமும் நின்றார். எண்பத்து நாலு வயது முடியப்போகும் டீச்சர், வரிசையின் மற்ற பகுதியை அன்று முழுவதும் கவனிக்கவே இல்லை. அது பாட்டுக்குக் கோணிக்கொண்டு நின்றது.

பஸ் வந்தது. கடைசி முதலில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நூலைத் துப்பினார். ஆஸ்பத்திரிவரை இரண்டு மணி நேரப் பயணம். அவர் ஒரு நொடி கூட நிறுத்தவில்லை என்று முப்பத்தொன்பது பேரும் சாட்சி சொல்கிறார்கள். பஸ் வரிசை ஆகாது.