காளியப்பன் அளந்த முப்பத்தொன்பது அடி

ஜொகூரில் ஸ்கூடாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டென்னிஸ் திடல் போட்டவர் காளியப்பன். அதற்கு முன் அவர் டென்னிஸ் திடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

1931. ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம். தொழிலாளர் லயங்கள் பாதி காலியாகி, வாரம் தவறாமல் நாலைந்து குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பக் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துத் துரைக்கு டென்னிஸ் ஆசை வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி தங்கராஜு வந்து நின்று, "பந்து விளையாடுற திடல் போட யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். கப்பலேற்றும் அடுத்த பட்டியலில் காளியப்பனின் பெயர் இருப்பதாக லயத்தில் பேச்சு. அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"எங்க போட்டிருக்கே?"

"ஊர்ல போட்டிருக்கேங்கய்யா."

ஊரில் அவர் போட்டது நெல் அடிக்கும் களம். அதைத் தங்கராஜு கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

களம் போட்ட கை அல்லவா, தரை நன்றாகவே அமைந்தது. கறையான் புற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, நீர் தெளித்து, உருளை இழுத்து, வழவழவென்று ஆக்கினார். கடைசியில் சுண்ணாம்புக் கோடு போடும் நாள் வந்தது. தங்கராஜு துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "வலையிலேருந்து இந்தப் பக்கம் முப்பத்தொன்பது அடி. அந்தப் பக்கமும் முப்பத்தொன்பது அடி. புரிஞ்சுதா?" படித்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அளவு நாடா ஒன்றும் தரவில்லை.

காளியப்பனுக்குப் புரிந்தது. அடி என்றால் அடி. குதிகாலை வலைக்கடியில் வைத்து, விரலோடு குதிகால் ஒட்ட ஒட்ட முப்பத்தொன்பது அடி நடந்து கிழக்குக் கோட்டைப் போட்டார். அவர் பாதம் தோட்டத்திலேயே பெரியது. அது கணக்காய் ஒரு அடி நீளம் இருந்தது தெய்வச்செயல்.

மேற்குப் பக்கம் முப்பத்துமூன்றாவது அடி வைக்கும்போது கட்டெறும்புக் கூட்டத்தில் காலை வைத்துவிட்டார். நொண்டிக்கொண்டே ஓரமாய் உட்கார்ந்து, பக்கத்தில் தன் பறங்கிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"வெள்ளையம்மா, மிச்சம் ஆறு அடி இருக்கு. நீ வச்சிடு புள்ள."

வெள்ளையம்மா புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அழகாக ஆறு அடி வைத்தாள். கோடு விழுந்தது. காளியப்பன் கப்பலேறவில்லை. திடல்காரர் ஆனார்.

துரை ஆறு மாதம் ஆடினார். முதுகு பிடித்துக்கொண்டது. ஆட்டத்தை விட்டார். திடல் கிராணிமார் கைக்கு வந்தது.

தங்கராஜுவுக்கு அது பெரிய வாழ்வாகிவிட்டது. சீனப் பெருநாளுக்கு ஆபீஸ் மூன்று நாள் மூடும். அந்த மூன்று நாளுக்கு மூவார், தம்போய் என்று நாலா பக்கமும் இருந்த கிராணி நண்பர்களை வரவழைப்பார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் மட்டை என்று ஏழு பேர் பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். தங்கல் ரப்பர் ஷீட் அடுக்கும் ஸ்டோரில். ஊருக்குத் திரும்பிப் போனபின்பும் ஒரு வாரம் அவர்கள்மேல் ஷீட் வாடை அடிக்கும் என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் குறைபட்டுக்கொள்வார்களாம்.

சாப்பாடு தங்கராஜுவின் மனைவி ராஜம்மா. கோட்டோரம் நின்று பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்வது காளியப்பன். அந்த வேலையில் அவர் எமன். "வெளிய!" என்றால் வெளியேதான். சொந்த மாமனாரே அடித்தாலும் இரக்கம் காட்டமாட்டார்.

தங்கராஜு எப்போதும் மேற்குப் பக்கம்தான் நிற்பார். பக்கம் மாற மாட்டார். "சாயங்கால வெயில் கண்ணுல பட்டா எனக்கு மண்டையிடி வரும்" என்பார். விருந்து கொடுப்பவர் சொன்னால் யார் மறுப்பது? முதல் இரண்டு வருஷமும் கோப்பையை அவரே ஜெயித்தார். எதிராளிகள் அடித்த பந்தெல்லாம் என்னவோ ஒரு சாண், இரண்டு சாண் தள்ளித் தள்ளி விழுந்தது. "கன்ட்ரோல் வேணும் மிஸ்டர், கன்ட்ரோல்" என்று தங்கராஜு எல்லோருக்கும் புத்தி சொல்வார்.

மூன்றாம் வருஷம் மூவாரிலிருந்து ஜெயபாலன் என்ற புது ஆள் வந்தார். நிலம் அளக்கும் கிராணி. ஒல்லி, அதிகம் பேசமாட்டார். முதல் நாள் சாயங்காலம் அவர் அடித்த பந்தில் பதினொன்று வெளியே போயிற்று. பன்னிரண்டாவதற்குக் காளியப்பன் "வெளிய!" என்றதும், ஜெயபாலன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனார்.

"கோவமா போறாரு" என்றார் தம்போய் ஐயாசாமி. பெருத்த உடம்பு, ஆட்டம் நின்றதில் அவருக்குச் சந்தோஷம்.

ஜெயபாலன் கோபத்தில் போகவில்லை. தோல் உறையில் சுருட்டிய அளவு நாடாவோடு திரும்பி வந்தார். கிழக்கே அளந்தார். "முப்பத்தொன்பது." மேற்கே அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். "முப்பத்தேழரை."

"அலமாக்!" என்றார் ஐயாசாமி. "அப்ப ரெண்டு வருஷமா நான் அடிச்சதெல்லாம் உள்ளதானா?"

தங்கராஜுவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "யாருடா அளந்தது இதை?"

"நான்தாங்கய்யா" என்றார் காளியப்பன். கப்பல் போய்விட்டது என்று நினைத்திருந்தார், இல்லை, இன்னும் துறையில்தான் நிற்கிறது போலிருக்கிறது. "முப்பத்துமூணு அடி நான். மிச்சம் ஆறு அடி என் சம்சாரம்."

வெள்ளையம்மாவை அழைத்து வந்தார்கள். எட்டு வெள்ளைக் காற்சட்டைகள் சுற்றி நிற்க, காளியப்பன் முப்பத்துமூன்று அடி வைத்தார். அங்கிருந்து அவள் ஆறு அடி வைத்தாள். ஆறாவது அடியின் கட்டைவிரல் கோட்டை மயிரிழை பிசகாமல் தொட்டது.

"பாத்தீங்களா, சரியாத்தானே இருக்கு?" என்றாள்.

ஜெயபாலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கோடு இங்க வந்திருக்கணும்மா" என்று ஒன்றரை அடி தள்ளிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் முழுசாய் ஒரு பறங்கிக்காய் படுத்திருந்தது.

"அது என் பாத்தியாச்சே! நல்லவேளை, நான் அளந்தேன்."

"பிடுங்கி எறிங்க அந்தக் கொடியை!" என்று தங்கராஜு கத்தினார். "காளியப்பா, நாளையிலேருந்து நீ ரப்பர் பால்வெட்டுக்குப் போ!"

வெள்ளையம்மா பாத்திக்குள் இறங்கி நின்றுகொண்டாள். "வேலை இல்லாத காலத்துல இந்தப் பாத்திதான்யா லயத்துக்கே சோறு போட்டுச்சு. உங்க வீட்டுக்கும் வாராவாரம் காய் வந்துச்சே. ராஜம்மா அக்காவைக் கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. ராஜம்மா பலகாரத் தட்டோடு பின்னாலேயே நின்றிருந்தாள். "வந்துச்சு" என்றாள். "இன்னிக்கு மத்தியானம் மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்களே பறங்கிக்காய் கூட்டு, அதுவும் இதுல வந்ததுதான். கொடியில கை வச்சா ராத்திரிச் சாப்பாட்டை நீங்களே பாத்துக்குங்க." கணவரை நேராகப் பார்த்து இன்னொன்றும் கேட்டாள். "அளக்கச் சொன்னீங்களே, நாடா குடுத்தீங்களா?"

தங்கராஜு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜெயபாலன்தான் வழி சொன்னார். பாத்தியைத் தொட வேண்டாம். வலைக்கம்பம் இரண்டையும் பிடுங்கி ஒன்றரை அடி கிழக்கே நட்டு, கிழக்குக் கோட்டையும் அவ்வளவே தள்ளிப் போட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஆட்களைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் சேதி துரைக்கு அடுத்தபடியான சின்னத் துரை காதுக்குப் போகும். பெரிய கிராணி இரண்டு வருஷம் குட்டைத் திடலில் ஜெயித்த கதை ஜொகூர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

ஆக, மறுநாள் காலை கிராணிமார் எட்டுப் பேரும் காற்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு சங்குல் மண்வெட்டி பிடித்தார்கள். பேனா பிடித்த கை. பத்து வெட்டில் கொப்புளம். கம்பமோ இரும்பு மாதிரி கனக்கும் செங்கால் மரக்கட்டை, காளியப்பன் ஆள் உயரத்தில் பாதி ஆழத்துக்கு இறக்கியிருந்தார். இரண்டு பேர் இழுத்து, நாலு பேர் இழுத்து, கடைசியில் ஐயாசாமி கட்டிப்பிடித்துத் தொங்கியதும் கம்பம் வெளியே வந்தது. ஐயாசாமி மல்லாந்து விழுந்தார். அவர்மேல் கம்பமும் விழுந்தது.

பால்வெட்டு முடிந்து லயத்துக்குத் திரும்பிய சனங்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சின்னத் துரைக்கு என்ன, அன்று மாலைக்குள் மரத்தில் இருந்த குரங்குக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது.

காளியப்பன் முதலில் ஓரமாய்க் கைகட்டித்தான் நின்றார். ஆனால் குழி வெட்டுகிற லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இன்னும் ஆழமாங்கய்யா. அப்படி வெட்டினா மழைக்குச் சாஞ்சிரும்."

தங்கராஜு நிமிர்ந்தார். முகமெல்லாம் மண். திட்டப் போகிறார் என்று காளியப்பன் ஒரு எட்டுப் பின்வாங்கினார். "எவ்வளவு ஆழம்?" என்று தங்கராஜு கேட்டார்.

"உங்க இடுப்பு வரைக்குங்கய்யா."

"யாரு இடுப்புன்னு சரியாச் சொல்லு. ஐயாசாமி இடுப்பா, என் இடுப்பா?"

ஜெயபாலன் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். வெள்ளையம்மா பாத்திக்குள் குந்திக்கொண்டாள், சிரிப்பில் நிற்க முடியவில்லை. பால்வெட்டைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் சரியான திடலில் ஆட்டம் நடந்தது. தங்கராஜு பக்கம் மாறி மாறி ஆடினார். மண்டையிடி வரவில்லை. தோல்விதான் வந்தது. முதலில் ஜெயபாலனிடம், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆடிய ஐயாசாமியிடம். கடைசி ஆட்டத்தில், இருட்டுமுன், சின்னக் கிராணி ஒருவரை எட்டுக்கு ஆறு என்று ஜெயித்தார். கோட்டோரத்தில் விழுந்த கடைசிப் பந்தைக் காளியப்பன் குனிந்து பார்த்தார்.

"உள்ள!"

"நிச்சயமா?" என்றார் தங்கராஜு.

"நிச்சயமாங்கய்யா."

கோப்பை வாங்கிய இரண்டு வருஷத்திலும் அந்த மனிதர் அப்படிக் குதித்ததில்லை. கிழக்கே ஓடினார், மேற்கே ஓடினார், பஸ் வந்து ஹாரன் அடித்தபோதும் வேர்வையோடு எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாலன் ஏறுமுன் நாடாவைக் காளியப்பன் கையில் வைத்தார். "மண் வேலை உங்களை மாதிரி நான் பாத்ததில்ல. மூவார்ல எங்களுக்கும் ஒரு திடல் வேணும். லீவு கேட்டுக்கிட்டு வாங்க, அண்ணே."

கிராணி வாயில் தன்னை அண்ணே என்று கேட்டது காளியப்பனுக்கு அதுவே முதல் தடவை. நாடாவை நீட்டிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சித்திரையில் புருஷனும் பெண்டாட்டியும் மூவார் போனார்கள். அடுத்த வருஷம் தம்போய். பிறகு, காளியப்பனே விரல்விட்டு எண்ணிச் சொன்னபடி, இன்னும் ஐந்து திடல்கள். நாடாவின் ஒரு நுனியை அவர் பிடிப்பார், மறுநுனி வெள்ளையம்மாவிடம். அதில் எண் படிக்க இருவருக்கும் தெரியாது. ராஜம்மா முப்பத்தொன்பதாவது அடியில் சிவப்பு நூல் தைத்துக் கொடுத்திருந்தாள்.