பலகையை மூடிய புடவை

என் மகள் தென்னூரில் ஒரு விளம்பர அலுவலகத்தில் எழுத்து வரைகிறாள். கம்ப்யூட்டரில் நாம் தட்டுகிற எழுத்துகளையும் யாரோ உட்கார்ந்து வரையத்தான் வேண்டும் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பத்தாவதோடு நின்றவள். ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன்.

கடைப் பலகைகளுக்கென்று அவள் முதன்முதலாக ஒரு புது மாதிரித் தமிழ் எழுத்து வரிசை வரைந்தாள். தடித்த எழுத்து. காம்பஸ் வைத்துப் போட்டதுபோல எங்கும் வட்டம், எங்கும் ஒரே பருமன். ‘ட’வுக்குக்கூட மூலை கிடையாது, வளைத்துவிட்டிருந்தாள். அந்த எழுத்தில் ‘இட்லி மாவு’ என்று மஞ்சள் பலகை அடித்து வந்து வாசல் கம்பியில் கட்டினாள். தெருமுனையிலிருந்தே படிக்க முடிந்தது.

எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “ஏன்டி, எழுத்தெல்லாம் உன்னை மாதிரியே கொழுகொழுன்னு இருக்கே. உன்னை நிக்க வெச்சு வரைஞ்சாளா?” என்றார். மாவு வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதுவரை தெரிந்த வீடுகளுக்கு மட்டும் சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தவள் நான். இப்போது தெருவில் போகிறவர்கள் முதலில் பலகையையும் பிறகு என் உடம்பையும் பார்ப்பதாகத் தோன்றியது.

மறுநாள் மகள் பஸ் ஏறியதும், துவைத்த அரக்குப் புடவையைப் பலகைமேல் போட்டு க்ளிப் மாட்டினேன். அவள் திரும்புவதற்குள் எடுத்துவிட்டேன். பிறகு அதுவே தினசரி வேலையாகிவிட்டது.

ஒரு நாள் பகலிலேயே ஆட்டோ வந்து நின்றது. மகளும் அவளுடைய அலுவலக மேடமும் இறங்கினார்கள். மேடத்தின் கையில் கேமரா. அந்த எழுத்தை வெளியே கடைக்காரர்களுக்குக் கொடுக்கலாமா என்று அலுவலகத்தில் இன்னும் முடிவாகவில்லை. தெருவில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வந்திருந்தார்கள்.

“போர்டு எங்கம்மா?” என்றார் மேடம்.

“காத்துல துணி பறந்து விழுந்துடுச்சுங்க.”

மகள் க்ளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையின் வலது ஓரத்தில் புடவைச் சாயம் இறங்கித் திட்டாக இருந்தது. துப்பட்டாவால் தேய்த்தாள். போகவில்லை. ஒரே நாளில் சாயம் அப்படி ஏறாது என்று அவளுக்குத் தெரியாதா?

மேடம் கேமராவைத் தூக்கினார். வழக்கமாக நான் உள்ளே ஓடியிருப்பேன். அன்றைக்குப் போய் அந்த ஓரத்தில் நின்று, கறை மறையும்படி தோளைச் சாய்த்துக்கொண்டேன்.

“கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா.”

“அம்மா அங்கேயே நிக்கட்டும் மேடம்,” என்றாள் மகள்.

அந்த எழுத்தை அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அதைச் சொன்ன அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது, “எழுத்து பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமேம்மா. மாத்தியிருப்பேன்ல,” என்றாள்.

எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னால் எதிர்வீட்டு அக்கா சொன்னதையும் நானே என் வாயால் சொல்ல வேண்டும். டம்ளரைக் கழுவ எழுந்து போனேன்.