மடிப்பக்காவின் கதவு வளையம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளுத்து, சூடு ஆறாமல் வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. அங்கே மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்கும், பேச்சும் இருக்கும். வீட்டில் தன் ஒற்றை விரிப்பை மடிக்கும்போது ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொள்வாள்.

பெற்றோர் போனபின் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவள்தான். அவனுக்குக் கல்யாணமானதும் ஐந்தாம் மாடியில் ஓர் ஒற்றை அறைக்கு மாறினாள். சாமான் ஏற்றிய அன்று வந்தவன்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். வரவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

"வந்தேன்க்கா. எந்தக் கதவுன்னே தெரியல. போன்லயும் சார்ஜ் இல்ல. ரெண்டு வீட்டு மணிய அடிச்சுத் திட்டு வாங்கினதுதான் மிச்சம்."

"வெளிய நின்னு கூப்பிட்டிருந்தா குரல் கேட்டிருக்குமேடா."

"எல்லாக் கதவும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. ஏதாவது அடையாளம் மாட்டி வையேன்க்கா."

அடுத்த விடுமுறைக்கே அவள் கைவினைப் பொருள் கடைக்குப் போனாள். நிஜ இலை வாடிவிடும். ஒரு பிரம்பு வளையம், சாம்பல் பூத்த பச்சையில் துணி இலைக்கொத்துகள், மரத்தில் கடைந்த சிவப்புக் காய்கள், கொஞ்சம் சணல் கயிறு வாங்கினாள். இலைகளில் நரம்பு ஓடியது; நுனி கருகியதுபோலச் சாயம்கூடத் தொட்டிருந்தார்கள்.

கட்டிலில் பழைய துணியை விரித்து உட்கார்ந்தாள். ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்து மறைக்கும்படி வைத்து, மெல்லிய கம்பியால் வளையத்தோடு சுற்றிக்கொண்டே போனாள். கடைசிக் கொத்துக்கு இடம் இல்லை. முதல் கொத்தைத் தூக்கி அதன் அடியில் செருகியதும் தொடக்கம் எங்கே என்று தெரியாமல் போயிற்று. காய்களை ஒட்டும்போது சூட்டுப் பசை விரலில் பட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சத்தமாகச் சொன்னாள். வேலையிடமாக இருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள்.

கதவில் மாட்டிய மறுநாள் மாலை யாரோ மெல்லத் தட்டினார்கள். எதிர்வீட்டு அம்மா. அதுவரை லிஃப்ட்டில் சிரித்துக்கொண்டதோடு சரி.

"வாசல்ல மலர் வளையத்தைப் பார்த்தேன். மனசு கேக்கல. யாரும்மா தவறிட்டாங்க?"

"ஐயோ, யாரும் இல்லீங்க! இந்த வீட்டுல இருக்கறதே நான் ஒருத்திதான். நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ள வாங்களேன், டீ போடறேன்."

"இன்னொரு நாள் வரேன்மா. பதறிப்போய் அடுப்பக்கூட அணைக்காம வந்துட்டேன்."

எதிர்க்கதவு சாத்திக்கொண்டது. தூரத்துச் சித்தப்பா ஒருவரைச் சாகடித்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் சொல்லியிருந்தால் அந்த அம்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருப்பார். நினைத்ததற்கே வெட்கப்பட்டாள்.

அடுத்த மாதம் தம்பி மனைவியோடு வந்தான். நேராக இந்தக் கதவுக்கே வந்து மணியடித்தான். வேறெங்கோ போகும் அவசரம். நாற்காலியில் சாயாமலே உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட நேரமில்லை என்றார்கள். கிளம்பும்போது தம்பி மனைவி இலைகளைத் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு அண்ணி! எங்க புது வீட்டுக்கு எடுப்பா இருக்கும்."

"எடுத்துக்கோ. அக்கா வேற செஞ்சுக்கும்." சொல்லும்போதே தம்பி அதை ஆணியிலிருந்து கழற்றிவிட்டான்.

"மாட்டுடா."

"என்னக்கா?"

"இருந்த இடத்துலயே மாட்டு. அது என் கதவுக்குச் செஞ்சது."

அவனிடம் அவள் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் சிரித்துச் சமாளித்து மாட்டினான். தம்பி மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. லிஃப்ட் வந்ததும் இருவரும் ஏறிக் கீழே போனார்கள்.

இனி அவன் வர இன்னும் நாளாகும் என்று அவளுக்குத் தெரிந்தது. வளையத்தைக் கோணல் இல்லாமல் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். அழுகை வரவில்லை, பசித்தது. மூன்று பேருக்குச் சமைத்திருந்ததில் தன் பங்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.