முழங்காலில் தொப்பி

பெல் தியேட்டரில் படம் ஓடும்போது ஆர்லிஸ் ஹாவ்லண்ட் திரையைப் பார்ப்பதில்லை. பின்கதவருகே சுவரில் சாய்ந்து நின்று, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பாள். கோல்டர் கிரீக் ஊர் ஆண்கள் இருக்கையில் அமர்ந்ததும் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொள்வார்கள். படம் அலுத்துவிட்டால் தொப்பி மறுபடி தலைக்கு ஏறும். அதன்பின் அந்த ஆளின் உடம்பு மட்டும்தான் தியேட்டரில் இருக்கும். பத்தொன்பது வருடமாக அவள் படங்களை இப்படித்தான் அளந்து வருகிறாள்.

பகலில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிறந்தது மாட்டுப் பண்ணையில். அவளுக்குப் பதினான்கு வயதானபோது மழை பொய்த்து, அப்பா மந்தை முழுவதையும் விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்கென்று மாடு எதுவும் இருந்ததில்லை. தியேட்டரின் பழைய முதலாளி மூடிவிட்டுப் போனபோது, ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அதை வாங்கினார்கள். யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு கூட்டத்தில் வந்த நேரத்தில் ஆர்லிஸ் காபி போட உள்ளே போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவள்தான் மேலாளர். சம்பளம் கிடையாது.

அந்த இலையுதிர்காலத்தில் அவள் திரையிடத் தேர்ந்தெடுத்த படம், ஒரு கிடாரிக் கன்று பண்ணையை விட்டு ஓடிப்போய்ப் பாடகியாகிற கார்ட்டூன். படம் நெடுகப் பாட்டுதான். தியேட்டர் கமிட்டித் தலைவர் வால்ட் ரிண்டல் பள்ளியில் அவளோடு படித்தவர். ஊரில் பெரிய மந்தை அவருடையது.

"மாடு பாடுதா?" என்றார் வால்ட், கமிட்டிக் கூட்டத்தில்.

"கன்னுக்குட்டி பாடுது. கூட ஒரு கயோட்டி நரியும் பாடுது."

"பண்ணைக்காரன் யாரு? வில்லனா?"

ஆர்லிசுக்குப் பொய் வராது. "கொஞ்சம்."

"கொஞ்சம்னா? மீசை வச்சிருக்கானா?"

"வச்சிருக்கான்."

"அப்போ நான்தான் அவன்." வால்ட் தன் மீசையைத் தடவிக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நம்ம பிள்ளைங்க வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டைப் பாத்து அழப் போகுதுங்க. நம்ம காசுல வாங்கின தியேட்டர்ல, நம்மளையே கெட்டவனாக் காட்டப் போற நீ. சனிக்கிழமை ஜனங்க எழுந்து போனாங்கன்னா, ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது. ஜனவரிக் கூட்டத்துல தீவனக்கடைக்காரன் பேச்சை நானே எடுப்பேன்."

தீவனக்கடைக்காரர் அந்தக் கட்டிடத்தைக் கிடங்காக்கக் கேட்டு இரண்டு வருடமாகிறது. வால்ட் கையைத் தூக்கினால் பாதி ஊர் கையைத் தூக்கும்.

சனிக்கிழமை மாட்டுச் சந்தை மூன்று மணிக்கு முடிந்தது. நான்கு மணி ஆட்டத்துக்குக் குடும்பங்கள் நேராக அங்கிருந்தே வந்துவிட்டன. தியேட்டருக்குப் பின்னாலிருந்த திடலில் மாட்டு ட்ரெய்லர்கள் வரிசையாக நின்றன. சிலவற்றில் வாங்கிய மாடுகள், சிலவற்றில் விலை படியாமல் திரும்புகிற மாடுகள். வால்ட் தன் பேத்தி டெஸ்ஸோடு மூன்றாவது வரிசையில் அமர்ந்து தொப்பியை முழங்காலில் மாட்டினார். ஆர்லிஸ் அதைக் கவனித்துக்கொண்டாள்.

முதல் பாட்டில் காளை ஒன்று வந்ததுமே ஒரு பையன் கத்தினான்: "டேய், அது காளைடா! காளைக்கு எதுக்கு மடி?" அரங்கமே சிரித்தது. கயோட்டி வந்து கன்றோடு நட்பானபோது பிள்ளைகள் ஊளையிட்டார்கள். "ஓடுடி லூசு! தின்னுடும்டி!" நிலவைப் பார்த்து அது உருகிப் பாடிய இடத்தில் பெரியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு குதிரை முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிய இடம் சிரிப்புக்காக வைத்தது. அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "காலே போயிருக்கும், பாவம்" என்றாள்.

ஆர்லிஸ் முன்கூடத்துக்கு வந்தாள். அவள் கணவர் க்ளென் பாப்கார்ன் அள்ளிக்கொண்டிருந்தார்.

"எப்படிப் போகுது?"

"தப்பான இடத்துலயே சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறாங்கல்ல? விடு."

"தொப்பி இன்னும் ஏறல," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி உள்ளே போனாள்.

திரையில் கன்றுகளைத் தாய்களிடமிருந்து பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரி போயிற்று. பாட்டு நின்றது. வேலியோரம் நின்ற தாய்ப்பசு தலையை நீட்டிக் கதறியது. இசை இல்லை, வார்த்தை இல்லை. அடித்தொண்டையில் தொடங்கி உடைந்து முடிகிற வெறும் கதறல். ஒன்று முடிந்ததும் அடுத்தது.

வால்ட் எழுந்தார். தொப்பி தலைக்கு ஏறியது. அவருக்குப் பின்வரிசையில் இரண்டு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர், பிறகு கணக்கில்லாமல் ஆண்களும் பெண்களும் எழுந்தார்கள். பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, முழங்கால்களை இடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஆர்லிசைத் தாண்டி வெளியே போனார்கள்.

போயிற்று என்று அவள் நினைத்தாள். கிடங்கு. அந்த இருக்கைகளைக் கழற்றி எங்கே போடுவார்கள் என்றுகூட அவளுக்கு யோசனை ஓடியது. பிறகு கோபம் வந்தது. கோட்டு கூடப் போடாமல் பின்வாசல் வழியாகத் திடலுக்கு ஓடினாள்.

"வால்ட்! போறதுன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போ!"

வால்ட் தன் ட்ரெய்லரின் கம்பி இடுக்கில் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "எதைச் சொல்றது? இரு, எது கத்துச்சுன்னு பாக்கறேன். என்னுது இல்ல. எமில், உன்னுதா?"

"என்னுது எல்லாம் அசை போடுது," என்றார் எமில், இரண்டு ட்ரெய்லர் தள்ளி.

திடல் முழுக்க ஆட்கள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் அவர்களைத் திரும்பிப் பார்த்தன. ஒன்றும் கத்தவில்லை.

ஆர்லிசுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தச் சத்தம் அவள் காதிலும்தான் விழுந்தது. எழுந்து போய்ப் பார்க்க அவளுக்கு மாடு இல்லை, அவ்வளவுதான்.

"அது படத்துல கத்துச்சு, வால்ட்."

"படத்துலயா? படத்துல எங்கடி மாடு இப்படிக் கத்தும்? அங்க பியானோதானே வாசிப்பாங்க!"

"படத்துலதான்."

வால்ட் நிமிர்ந்தார். எமில் முதலில் சிரித்தார். "கார்ட்டூன் மாட்டுக்குப் பயந்து ஓடிவந்துட்டோமேய்யா!" சிரிப்பு திடல் முழுக்கப் பரவியது. வால்ட் சிரிக்காமல் நின்றார்.

"அப்போ எவனோ நிஜமாவே கன்னு பிரிக்கிற அன்னைக்கு வேலியோரம் மைக்கோட நின்னுருக்கான்," என்றார். "ராத்திரி பூரா நின்னுருக்கணும். முதல் நாள் இந்தக் குரல் வராது. தொண்டை கட்டுன பிறகுதான் வரும்." பிறகு அவளைப் பார்த்து, "கோட்டு எங்க? உள்ள போ. நாங்க எழுந்த இடத்துலேர்ந்து மறுபடி போட முடியுமா?" என்றார்.

ஓடுகிற படத்தை ஆர்லிஸ் ஒருநாளும் நிறுத்தியதில்லை. அன்று நிறுத்தினாள். "நாங்க பாத்துட்டோம்!" என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். "நாங்க பாக்கல, வாயை மூடு," என்று அப்பாக்கள் சொன்னார்கள்.

இரண்டாம் முறை யாரும் அசையவில்லை. கதறல் முடிந்து பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியில் டெஸ்ஸின் கேள்வி பின்கதவு வரை கேட்டது.

"தாத்தா, நம்ம மாடும் இப்படிக் கத்துமா?"

"கத்தும். மூணு ராத்திரி."

"நான் கேட்டதே இல்லையே."

"அந்த வாரம் உன்ன உங்கம்மா டவுன்லயே வச்சுக்குவா."

"நீ என்ன பண்ணுவ?"

"படுத்திருப்பேன். தூக்கம் வராது."

டெஸ் அழவில்லை. "அடுத்த தடவை நானும் வரேன்," என்றாள். மீசைக்காரப் பண்ணைக்காரன் கடைசியில் சேற்றில் விழுந்தபோது வால்ட் முனகியது கேட்டது: "பூட்ஸ் அவ்வளவு சுத்தமா இருந்தா விழத்தான் செய்வான்."

விளக்குப் போட்டபோது ஆர்லிஸ் வரிசை வரிசையாகப் பார்த்தாள். முழங்காலில் தொப்பிகள்.

வெளியே போகிறபோது வால்ட் அவளிடம் நின்றார். "அந்த நரி சுத்தப் பொய்."

"ஆமா."

"மாடு சரியா இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. தீவனக்கடைக்காரர் பேச்சு அந்த ஜனவரியில் வரவுமில்லை.

மறுநாள் வால்ட் மறுபடி வந்தார், மாட்டு ட்ரெய்லர் இல்லாமல் வெறும் பிக்கப் வண்டியில். வீட்டைவிட்டு அதிகம் கிளம்பாத மனைவி டோரீனையும் கூட்டி வந்திருந்தார். ஆர்லிஸ் வழக்கமான இடத்தில் சாய்ந்து நின்றாள். லாரி போய்ப் பாட்டு நின்ற இடம் வந்ததும், வால்ட் மனைவியின் முழங்கை மேல் கை வைப்பது தெரிந்தது. காது மந்தமானவர்கள் ரகசியம் பேசுகிற குரலில் அவர் சொன்னது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"இப்போ ஒரு சத்தம் வரும், டோரீன். நம்ம மாடு இல்ல. உக்காரு."